வலியவிளை குடும்பம் (வாட்ஸ்அப் குழு): ஷிபு வண்டிக்கு ஆயில் ஒழுகுன கதை

சனிக்கிழமை

ஷிபு (காலை 6:38)
📷 படம்
மாமா, இது என்னதுன்னு பாருங்க. நான் வாங்கின பழைய டீசல் காரு, ராத்திரி கொண்டு விட்ட வண்டி. காலத்த எடுக்கப்போனா அடியில உள்ளங்கை அகலத்துக்கு கறுப்பா கெடக்கு. வாங்கின சூடு கூட ஆறல்ல.

அம்மா (6:40)
புது டைலாக்கும். சோப்பு போட்டும் போவல்ல

பெரியப்பா (6:51)
🙏 காலை வணக்கம். இந்த நாள் இனிய நாளாகட்டும்.

பெரியப்பா (6:52)
கே.எல். நம்பர் கேரளா வண்டி எடுக்கண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்.

லிஜி (6:55)
ஆயிலுக்கு நம்பர் பிளேட்டு வாசிக்கத் தெரியுமா பெரியப்பா 😄

செல்வராஜ் மாமா (7:04)
முதல்ல அது ஆயிலுதானான்னு பாரு மக்களே. ஏசி தண்ணியும் சொட்டும், ரேடியேட்டர் தண்ணியும் சொட்டும், பிரேக் ஆயிலும் சொட்டும். ஒரு வெள்ளப் பேப்பர்ல ஒத்தி எடு. விரல்ல தேச்சுப் பாரு, மோந்து பாரு.

ஷிபு (7:13)
கறுப்பு மாமா. நல்லா வழுக்குது. கருகின வாடை லேசா அடிக்கு.

செல்வராஜ் மாமா (7:16)
அப்ப எஞ்சின் ஆயிலாக்கும். டீசல் வண்டியில ஆயில் மாத்தின கொஞ்ச ஓட்டத்துலயே கரி சேந்து கறுத்துப்போவும். கியர் ஆயில்னா இப்பிடி கறுக்காது, மார்த்தாண்டம் தேன் கணக்கா இருக்கும், கந்தக நாத்தமும் அடிக்கும்.

லிஜி (7:17)
ஸ்டீயரிங் ஆயிலா இருந்தா?

செல்வராஜ் மாமா (7:18)
அதுல கரண்டு ஸ்டீயரிங் பிள்ளே. ஆயிலே கெடயாது.

செல்வராஜ் மாமா (7:19)
ஷிபு, ஆயில் ஸ்டிக்க உருவிப் பாத்தியா? வண்டி சமமான தரையில நிக்கணும். எஞ்சின நிறுத்தி பத்து நிமிசம் ஆன பொறவு உருவு. ஒருமட்டம் துடைச்சு உள்ள விட்டு திரும்ப உருவிப் பாக்கணும்.

ஷிபு (7:31)
கீழ்க்குறிக்கு கொஞ்சம் மேல நிக்கு.

செல்வராஜ் மாமா (7:35)
கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் எடயில ஏறக்குறைய ஒரு லிட்டர். மொத்தமே மூணு லிட்டர் சொச்சம் பிடிக்குற எஞ்சின். அதே கிரேடு ஆயில் வாங்கி பைய பைய ஊத்து, மேல்குறிய தாண்டண்டாம். கூடினாலும் கேடுதான்.
இன்னொண்ணு கேட்டுக்கோ. மீட்டர்ல செவப்பு ஆயில் லைட்டு எரிஞ்சா, எங்க நிக்கியோ அங்கயே ஆஃப் பண்ணு. வீடு இந்தா வந்தாச்சுன்னு ஓட்டாதே. அது ஆயில் அளவு காட்டுற லைட்டு இல்ல, பிரஷர் போச்சுன்னு சொல்லுற லைட்டு. அது எரிஞ்ச பொறவு ரெண்டு நிமிசம் ஓட்டினா போதும், பேரிங் போவும்.

ஷிபு (7:36)
லைட்டு எரியல்ல மாமா. பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்புல கொண்டு காட்டுறேன்.

ஷிபு (மதியம் 12:20)
காட்டியாச்சு. எஞ்சினுக்குப் பின்பக்கம், கிராங்க் ஷாஃப்ட்டு முனையில உள்ள ஆயில் சீல் (பின் சீல்) போச்சாம். கியர்பாக்ஸ் இறக்கணுமாம். இறக்கும்போ கிளச்சும் சேத்து மாத்திடலாம்னு சொல்லுறாரு. பதினெட்டாயிரம் ஆவும் 😐

அம்மா (12:22)
அய்யோ

பெரியப்பா (12:25)
களவாணிப் பயலுவ. கடையில ஒரு டப்பா கிடைக்கும், ஆயிலோட ஊத்தினா ஒழுக்கு தன்னால அடையும். எனக்க ஜீப்புக்கு ஊத்தினேன்.

லிஜி (12:26)
அந்த ஜீப்பு இப்ப எங்க பெரியப்பா

பெரியப்பா (12:31)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வராஜ் மாமா (12:40)
அந்த டப்பா வேண்டாம் அத்தான். அது ரப்பர ஊத வைக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நாள் நிக்கும், பொறவு ரப்பர் இளகி இன்னும் ஒழுகும். நல்லா இருக்குற சீலும் சேந்து கெடும்.
ஷிபு, அந்த ஆள் பானட்ட தூக்கிப் பாத்தாரா?

ஷிபு (12:42)
இல்ல. ஜாக்கி போட்டு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாரு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற எடத்துல நனஞ்சு இருக்கு, நானும் பாத்தேன்.

செல்வராஜ் மாமா (12:50)
அங்கதான் சங்கதி. ஆயில் சொட்டுற எடம் வேற, கசியுற எடம் வேற. மேல கசிஞ்சா எஞ்சின் மேலயே வழிஞ்சு, ஏதாவது ஒரு விளிம்புல வந்து தொங்கி, அங்கருந்து சொட்டும். ஓடும்போ காத்து வேற அத பின்னால தள்ளும். பெல் ஹவுசிங், அதான் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற கூடு, அதுக்க அடி தாழ்ந்த எடம். மேல எங்க கசிஞ்சாலும் பெரும்பாலும் அங்கதான் வந்து சேரும். அதப் பாத்து பின் சீல்னு முடிவு கட்டினா, கியர்பாக்ஸ இறக்கி ஏத்தின பொறவும் ஒழுகும்.
முப்பது வருசம் ராணித்தோட்டம் டெப்போல பஸ்ஸுக்கு அடியில படுத்தவன் சொல்லுறேன். மேல இருந்து கீழ பாக்கணும். கீழ இருந்து மேல இல்ல.

ஜெபா சித்தி (12:58)
அப்ப அந்த ஆள் ஏமாத்துறாருன்னா சொல்லுறிய?

செல்வராஜ் மாமா (1:01)
அப்பிடிச் சொல்லண்டாம். அடியில படுத்துப் பாத்தா யாருக்கும் அப்பிடித்தான் தெரியும். பின் சீல் போவவும் செய்யும். ஆனா அது கடைசியில சந்தேகப்பட வேண்டிய சாமானம், முதல்ல இல்ல.

பென்னி (குவைத்) (2:15)
🎤 குரல் செய்தி 2:48

ஜெபா சித்தி (2:20)
பென்னி, ஸ்கூல்ல இருக்கேன், கேக்க முடியாது. யாராவது எழுதிப் போடுங்க

லிஜி (2:34)
பென்னி அண்ணன் சொல்லுறது:
"அது ஃபியட்காரன் உண்டாக்கின 1.3 டீசல் எஞ்சின். நம்ம ஊர்ல ரெண்டு மூணு கம்பெனி அத வாங்கிப் போட்டினும். 2020-ல பிஎஸ்-6 புகை விதி வந்தப்போ பலரும் நிறுத்திட்டாவ. நல்ல எஞ்சின், குறை சொல்லக்கூடாது. ஆனா பத்து வருசம் சூட்டுல வெந்தா எந்த வண்டி ரப்பரும் காஞ்சுதான் போவும். ஷிபு, வாங்கும்போ எஞ்சின் எப்பிடி இருந்துச்சு? பளபளன்னா?"
இன்னும் இருக்கு, சாப்பிட்டுட்டு எழுதுறேன்

ஷிபு (2:36)
பளபளன்னுதான். டேப்பட் கவர்ல, அந்த எஞ்சின் மேல்மூடியில, மொகம் பாக்கலாம் போல. புரோக்கர் கூட, பாருங்க எப்பிடி வச்சிருக்காருன்னு சொன்னாரு.

பென்னி (குவைத்) (2:40)
அதுதான் மக்கா. பத்து வருசம் ஓடின டீசல் வண்டி எஞ்சின் பளபளத்தா முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் பண்ணியிருக்குன்னு அர்த்தம். கசிவெல்லாம் கழுவிப்போயிருக்கும். தூசி படிஞ்சு காஞ்சு கெடக்குற எஞ்சினத்தான் நான் நம்புவேன்.

லிஜி (2:58)
மிச்சம்: "இந்த எஞ்சின்ல வேக்கம் பம்ப் கியர்பாக்ஸ் பக்கத்துல இருக்கு. ஹெட்டுக்கு ஓரத்துல, கேம் ஷாஃப்ட்டு முனையில. பிரேக் மிதிய லேசாக்குற பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (காத்த உறிஞ்சுற இழுப்பு) பெட்ரோல் வண்டியில எஞ்சின் இழுக்குற காத்துலயே கிடைக்கும். டீசல்ல அது கிடைக்காது, அதனால தனி பம்ப். அந்த பம்புக்கு ஆயில் போவும். அதுக்கு பேக்கிங் உண்டு. அது காஞ்சா ஆயில் நேரா கியர்பாக்ஸ் மேல இறங்கி பெல் ஹவுசிங் வழியா சொட்டும். பாக்குறவனுக்கு பின் சீல் மாதிரியே தெரியும். முதல்ல அதப் பாரு."

செல்வராஜ் மாமா (3:05)
பென்னி சொல்லுறது சரி. ஆனா ஊகத்துல எதையும் கழட்டண்டாம், கண்ணால பாக்கணும். ஷிபு, சாயந்திரம் எஞ்சின் நல்லா ஆறின பொறவு பானட்ட தூக்கு. பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒண்ணு வாங்கிக்கோ. பழைய துணி, பல்லு தேய்க்குற பிரஷ் போதும். டேப்பட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர் சுத்தி, ஆயில் பிரஷர் சுவிட்ச், அந்த வேக்கம் பம்ப், கியர்பாக்ஸ் மேல்பக்கம், எல்லாம் துடை. பைப்பு வச்சு தண்ணி அடிச்சிராதே, ஆல்டர்னேட்டரும் ஒயர் கனெக்டரும் நனையும். நல்லா காய்ஞ்ச பொறவு மொகத்துக்குப் போடுற பவுடர் எடுத்து எல்லா எடத்துலயும் லேசா தூவு. பெல்ட்டு பக்கம் மட்டும் தூவண்டாம்.

ஷிபு (3:07)
பவுடரா?!

செல்வராஜ் மாமா (3:09)
பவுடருதாம்லே. ஆயில் பட்ட எடம் கறுத்து காட்டிக்குடுக்கும். பதினஞ்சு நிமிசம் வண்டிய சும்மா ஓட விட்டுப் பாரு. பொறவு ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வந்து பாரு. அடியில போய் பாக்கணும்னா வெறும் ஜாக்கிய நம்பி தலைய உள்ள விடாதே. ஸ்டேண்ட் இல்லேன்னா போவவே வேண்டாம்.

பென்னி (குவைத்) (3:15)
ஓடிட்டு இருக்கும்போ ஆயில் ஊத்துற மூடிய பைய திறந்து பாரு. புகை குபுகுபுன்னு தள்ளினா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, இல்லேன்னா பிரீதர், அதான் எஞ்சின் உள்ள உள்ள புகைய வெளிய விடுற குழாய், அடைஞ்சிருக்கு. உள்ள அழுத்தம் கூடினா நீ எத்தனை சீல் மாத்தினாலும் திரும்பத் தள்ளிக்கிட்டு வரும்.

அம்மா (மாலை 6:10)
எனக்க பவுடர் டப்பா எங்க

ஞாயிற்றுக்கிழமை

ஷிபு (காலை 11:25)
📷 படம்
📷 படம்
📷 படம்
கோயிலுக்கு போயிட்டு வந்து பாத்தேன். நேத்து சும்மா ஓட விட்டப்போ ஒண்ணும் தெரியல்ல. இன்னைக்கு ஆற்றூர் வழியா திருவட்டார் போயிட்டு வந்த பொறவுதான் தெரியுது. டேப்பட் கவர் ஓரத்துல பவுடர் வெள்ளையா அப்பிடியே இருக்கு, ஒரு மூலையில மட்டும் லேசா ஈரம். ஃபில்டர் காஞ்சு கெடக்கு. மூணாவது படம் பாருங்க. ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால அந்த அலுமினிய சாமானத்துக்கு அடியில இருந்து ஒரு கறுப்புக் கோடு கியர்பாக்ஸ் மேல இறங்கி வருது.

பென்னி (குவைத்) (11:27)
வேக்கம் பம்ப். சொன்னேன் இல்லியா.

லிஜி (11:28)
கோடு போட்ட மாதிரி தெரியுதே! அம்மச்சி பவுடர் வாழ்க

செல்வராஜ் மாமா (11:40)
கொள்ளாம். இனி பின் சீல் இல்லன்னு உறுதி பண்ணணும். ஏத்தத்துல மூணாவது கியர்ல அழுத்தி மிதிச்சியா? ரேஸ் ஏறி வண்டி ஏறாம நிக்குதா?

ஷிபு (11:42)
இல்ல மாமா, நல்லா இழுக்கு.

செல்வராஜ் மாமா (11:44)
பின் சீல்ல இருந்து நல்லா ஒழுகினா ஆயில் உள்ளேயே கிளச்சு தட்டுல படும், வழுக்கும். அது இல்ல. மூடிய திறந்து பாத்தியா?

ஷிபு (11:45)
லேசா புகை வருது. தள்ளல்ல.

செல்வராஜ் மாமா (11:49)
அப்ப எஞ்சின் உள்ள நல்லா இருக்கு. நிம்மதி. பிரேக்கையும் ஒருமட்டம் பாத்துக்கிடு. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு மிதிய நாலஞ்சு மட்டம் மிதி, கட்டியாவும். அப்பிடியே மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு. கால் கொஞ்சம் உள்ள இறங்கணும். இறங்கல்லேன்னா வேக்கம் வரல்லன்னு அர்த்தம், அப்ப பேக்கிங் மட்டும் போதாது.

ஷிபு (12:02)
இறங்குது 👍

பெரியப்பா (12:10)
நாளைக்கு அவன்கிட்ட போய் நல்லா நாலு கேள்வி கேளு.

செல்வராஜ் மாமா (12:14)
ஒரு கேள்வியும் வேண்டாம் அத்தான். படத்தக் காட்டினா போதும். வேலை தெரிஞ்ச ஆளு, பாத்தா புரிஞ்சுக்கிடுவாரு. வாய் கொடுத்துட்டு வந்தா பொறவு அவசரத்துக்கு யாருகிட்ட கொண்டு விடுவான்?

திங்கட்கிழமை

ஷிபு (மாலை 5:50)
📷 படம்
வேலை முடிஞ்சுது. படத்தப் பாத்ததும் அவரே, "இத முதல்லயே காட்டக்கூடாதா தம்பி"ன்னாரு 😂 பம்ப கழட்டி பேக்கிங் மாத்தினாரு. சாமானமும் கூலியும் சேத்து ரெண்டாயிரத்துக்கு உள்ளதான் ஆச்சு. பழசக் கையில வாங்கிட்டு வந்தேன். ரப்பர் மாதிரியே இல்ல. ஒரு பக்கம் சப்பையா அமுங்கி, வளைச்சா படக்குன்னு ஒடியுது.

பென்னி (குவைத்) (5:55)
எடுத்து வச்ச பொறவு எஞ்சின் ஓட விட்டுப் பாத்தாரா?

ஷிபு (5:56)
பாத்தாரு. நானும் கூட நின்னேன். காஞ்சுதான் இருக்கு. டேப்பட் கவர் மூலையில அந்த ஈரத்துக்கு பேக்கிங் மாத்தட்டான்னு கேட்டாரு. உங்கட்ட கேட்டுட்டு சொல்லுறேன்னேன் மாமா.

செல்வராஜ் மாமா (6:08)
இப்ப வேண்டாம். வேர்க்குறது வேற, சொட்டுறது வேற. பத்து வருச எஞ்சின் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். சைலன்சர் பக்கம் வழிஞ்சா, இல்லேன்னா கருகின வாடை உள்ள அடிச்சா உடனே மாத்து, அது தீப்பிடிக்குற சங்கதி. இல்லேன்னா அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கிடலாம். வாரத்துக்கு ஒருமட்டம் ஸ்டிக்க உருவிப் பாரு, அது போதும்.

பெரியப்பா (6:15)
அதெல்லாம் சரி. வண்டிய இங்க மாத்த கேரளா ஆர்.டி.ஓ.ட்ட இருந்து ஆட்சேபணை இல்லன்னு என்.ஓ.சி. வாங்கியாச்சா? ஒரு வருசத்துக்கு மேல வேற ஸ்டேட் நம்பர்ல ஓட்ட முடியாது பாத்துக்கோ.

ஷிபு (6:17)
வாங்கியாச்சு பெரியப்பா. புதன்கிழமை மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போறேன், இங்க ரோடு டாக்ஸ் எவ்வளவுன்னு கேக்கணும்.

லிஜி (6:18)
புதன்கிழமையா? அப்ப என்னைய குழித்துறையில இறக்கி விடு. எட்டரைக்கு ரெடியா நிப்பேன், ஹாரன் அடிச்சு ஊர கூட்டாதே