புதுப்பிப்பு: பேக்கப்பைப் படிக்க மறுத்த சர்வர்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே ஒரு டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர் என்எஃப்எஸ் பகிர்வில் (நெட்வொர்க் வழியாகப் பல சர்வர்கள் பகிரும் அடைவு) எழுதும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள பேக்கப்பை இன்னொரு சர்வர் திறக்கவில்லை என்று கேட்டிருந்தேனே, அது தீர்ந்தது.

பயனர் பெயர் இரண்டு சர்வரிலும் ஒன்றுதான், அந்தப் பெயருக்குச் சர்வர் உள்ளே வைத்திருக்கும் எண் (UID) வேறு. டெபியனில் மென்பொருள் பொதி நிறுவப்படும்போது சேவைக் கணக்குக்கு (அந்த மென்பொருள் இயங்கும் பயனர் கணக்கு) 100 முதல் 999 வரை காலியாக உள்ள எண் கிடைக்கும். எந்த மென்பொருள் முதலில் ஏறியதோ அதைப் பொறுத்து மாறும். வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பு பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும்.

இப்போது ஆன்சிபிளில் (சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) குழுவையும் பயனரையும் நிலையான எண்ணோடு முதலில் உருவாக்கி, அப்புறம்தான் பொதியை நிறுவுகிறேன். கணக்கு ஏற்கெனவே இருந்தால் பொதி அதையே எடுத்துக்கொள்கிறது. எண்ணை அதே வரம்புக்குள் வையுங்கள்; 1000-க்கு மேல் போனால் சில பொதிகள் முரண்டு பிடிக்கும்.

ஓடிக்கொண்டிருந்த சர்வரில்தான் பாடு. சேவையை நிறுத்தி எண்ணை மாற்றினால், அந்தப் பயனரின் ஹோம் அடைவுக்குள் இருப்பவை மட்டும் தானாக மாறுகின்றன. பதிவுக் கோப்புகளைப் பழைய எண்ணை வைத்துத் தேடி நாமேதான் மாற்ற வேண்டும்.

எல்லாருக்கும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி) கொடுத்துவிடலாம் என்ற நண்பருக்கு: வேண்டாம் சாமி, அந்த பேக்கப்பில் சம்பளக் கணக்கும் இருக்கிறது.