புதுப்பிப்பு: முகாம் பெண்ணின் கல்லூரி இடம்

என்னிடம் டியூஷன் படித்த, கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் அகதி முகாமில் வளர்ந்த பெண்ணை, பிளஸ் டூ மார்க் நன்றாக இருந்தும், நாட்டுரிமை கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு கல்லூரி ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலர் விசாரித்தீர்கள்.

இடம் கிடைத்துவிட்டது. வேறு கல்லூரி, பி.காம். லேமினேஷன் உரிந்துபோன முகாம் அட்டையோடு மூன்று நாள் அலைந்தோம், தடா பக்கம் பெயிண்ட் வேலைக்குப் போகும் அவளுடைய அப்பாவுக்கு மூன்று நாள் கூலி போச்சு.

"இங்கேதானே பிறந்தாள், அப்புறம் என்ன?" என்று கேட்டவர்களுக்கு: 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் இந்தியக் குடியுரிமைக்குப் பிறப்பே போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இவள் பிறந்தது 2007. பெற்றோர் 1990-இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள், இந்தியக் குடிமக்கள் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா குண்டுக்குத் தப்பி ஓடுவார்கள்? 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் சலுகை தரும் நாடுகளிலும் இலங்கை இல்லை. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது, நல்லதுதான், ஆனால் அட்டை அகதி அட்டைதான். பள்ளிவரை யாரும் தடுக்கவில்லை, சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். படிப்பு முடிந்து அரசு வேலைக்கு எழுத முடியாது, அதனால் நீண்டகால விசா, குடியுரிமை இரண்டுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், தெரிந்த வக்கீல் இருந்தால் சொல்லுங்கள்.

நேற்று லைப்ரரி படிவத்திலும் அதே கட்டம். என்னைக் கேட்கவில்லை, அவளே எழுதிவிட்டாள்: இலங்கைத் தமிழர், பிறந்த ஊர் கும்மிடிப்பூண்டி.