தேக்குப் பெட்டியில் புளூடூத் விசைப்பலகை: ஷியாவ் போர்டு, பித்தளைத் தகடு, பேட்டரி பற்றிய சந்தேகங்கள்

தேக்குச்சட்டம் (பள்ளத்தூர்):

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு பாதியாப் பிரிஞ்ச புளூடூத் விசைப்பலகை ஒண்ணு கையாலயே கட்டப் போறேன். பாதிக்கு 21 விசை, மொத்தம் 42. மேல மூணு நிரை (குறுக்கு வரிசை), ஆறு நிரல் (நெடுக்கு வரிசை). அடியில கட்டைவிரலுக்கு மூணு விசை. பிசிபி (அச்சடிச்ச சர்க்யூட் பலகை) கிடையாது, சுவிட்சுக்குச் சுவிட்ச் ஒயர் இழுக்கிறதா உத்தேசம். பாதிக்கு ஒண்ணா ரெண்டு ஷியாவ் என்ஆர்எஃப்52840 போர்டு (புளூடூத் உள்ள குட்டி கண்ட்ரோலர்). போர்டுக்குள்ள ஓடுற மென்பொருள் (ஃபர்ம்வேர்) இசட்எம்கே.

பெட்டிக்கு முனீஸ்வரன் கோயில் தெருவுல வாங்கின பழைய பர்மா தேக்குச் சட்டம் கையில இருக்கு. சுவிட்சு உட்காருற மேல்தகடு 1.5 மி.மீ. பித்தளையில இருந்தா நல்லாருக்கும்னு ஆசை.

ஷியாவுல ஒயர் பத்தவைக்க வெளிய வர்றது 11 கால் (பின்)தான், அது போதுமா? பித்தளை சிக்னலை அடைக்குமா? பேட்டரி எவ்வளவு எம்ஏஎச் போடலாம்? விசைக்கு அடியில ஆர்ஜிபி (நிறம் மாறுற) விளக்கு வைக்கலாமா? வீட்ல எல்லாரும் தமிழ்99 விசை அமைப்புல அடிக்கிறவங்க, 42 விசைக்குள்ள அது அடங்குமா?

ஈயப்பற்று (காரைக்குடி):

கால் தாராளமாகப் போதும். கட்டைவிரல் விசைகளை நாலாவது நிரையாக வைத்துக்கொண்டால் பாதிக்கு 4 நிரை, 6 நிரல். நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என்று ஆக 10 கால், ஒன்று மிச்சம்.

பித்தளைதான் யோசிக்க வேண்டிய இடம். ஷியாவின் ஆன்டெனா டைப்-சி வாய்க்கு எதிர்முனையில் இருக்கிறது. அதற்கு மேலேயோ கீழேயோ தகடு வந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வெளியே போக வழியில்லை. மேசையில் வைத்தால் வேலை செய்வது போலத் தெரியும்; மடிக்கணினி மூன்றடி தள்ளிப் போனதும் எழுத்து விட்டுப்போகும், இல்லையென்றால் ஒரே எழுத்து ஐந்தாறு தடவை விழும். இடது பாதிக்கும் வலது பாதிக்கும் நடுவே ஓடுவதும் இதே வானொலிதான் என்பதால் முதலில் அடிவாங்குவது வலது பாதி.

அதற்காகப் பித்தளையைக் கைவிட வேண்டாம். தகடு விசைகள் இருக்கிற பரப்போடு நின்றுவிடட்டும். போர்டை அதற்கு அப்பால், பெட்டியின் மேல் விளிம்பில் மரத்துக்குள் தனியாகக் குடைந்த குழியில் வையுங்கள். டைப்-சி வாய் விளிம்புப் பக்கம் வரப்போவதால் ஆன்டெனா முனை உள்பக்கம்தான் பார்க்கும். அந்த முனையைச் சுற்றி ஒரு விரற்கடைக்குத் தகடு, பேட்டரி, ஒயர்க் கட்டு எதுவும் வரக்கூடாது. காய்ந்த தேக்கு சிக்னலைப் பெரிதாகத் தடுக்காது. குழியை மூடுகிற பலகையும் மரமாகவே இருக்கட்டும். அழகுக்காக அதன்மேல் பித்தளைப் பூ பதித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

தகடு வெட்டும்போது: ஓட்டை 14 மி.மீ. சதுரம், நடுவுக்கு நடு 19.05 மி.மீ. அக்ரிலிக் வெட்டுகிற சாதாரண சிஓ2 லேசர் பித்தளையை வெட்டாது. ஃபைபர் லேசரோ சிஎன்சியோ இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். 1.5-ஐ விடத் தடிமன் கூடினால் சுவிட்சின் கொக்கி தகட்டைப் பிடிக்காது.

பழைய சட்டத்தில் மரம் குடைகிற ரூட்டர் இயந்திரத்தை வைக்கும் முன் காந்தத்தால் ஒரு முறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே முறிந்து நிற்கிற இரும்பாணி பிட்டையும் உடைக்கும், ஆசாரி கையையும் பதம் பார்க்கும். சுவிட்சுகளுக்கான குழி ஆழம் 12 மி.மீ. சுவிட்சின் உடம்பும் காலும் சேர்ந்து தகட்டுக்கு அடியில் ஏறக்குறைய 7 மி.மீ. இறங்கும், மீதி ஒயருக்கு.

காயில்கட்டு (தேவகோட்டை):

ஒயரிங் பத்தி நான் சொல்றேன் தம்பி.

நிரை இணைப்புக்குத் தனிக் கம்பியே வேணாம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு (கரண்டை ஒரு திசையில மட்டும் விடுறது) வரும், அதோட காலையே மடக்கி அடுத்தடுத்த டயோடுல பத்தவச்சா அதுவே நிரைக் கம்பி. 1என்4148 டயோடு, 42 வேணும், 50 வாங்கிக்கங்க. கறுப்புக் கோடு நிரைப் பக்கம், மறுகால் சுவிட்சுப் பக்கம். எல்லாம் ஒரே திசையில இருக்கணும். ஒண்ணு திரும்பிட்டா அந்த ஒரு விசை மட்டும் செத்துக் கிடக்கும். டயோடே வேணாம்னு விட்டா, செவ்வகத்தோட மூணு மூலை விசையைச் சேர்த்து அமுக்கும்போது நாலாவது மூலையும் தானா விழும்.

நிரலுக்கு மோட்டார் காயில் கட்டுற கடையில எனாமல் செப்புக் கம்பி கேளுங்க, 30 எஸ்டபிள்யூஜி தடிமன் போதும். ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கே போனாலும் ஷார்ட் ஆகாது, அதான் வசதி. ஆனா மோட்டார் கம்பியில பூசியிருக்கிற எனாமல் சூடு தாங்குறதுக்குன்னே செஞ்சது. சால்டரிங் அயர்ன் சூட்டுல உருகாது. ஈயம் கம்பியைச் சுத்திப் பளபளன்னு உருண்டு நிக்கும், பார்த்தா பத்துன மாதிரியே இருக்கும், உள்ள கரண்ட் போகாது. பத்தவைக்கிற இடத்தை பிளேடால நாலாபக்கமும் சுரண்டி, செம்பு நிறம் தெரிஞ்சப்புறம் ஃபிளக்ஸ் தடவி முதல்ல ஈயம் பூசிருங்க. அப்புறம் சுவிட்சு கால்ல சுத்துங்க.

அயர்ன் 350 டிகிரி, ஒரு காலுக்கு மூணு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. பிளாஸ்டிக் இளகிக் கால் சாஞ்சா சுவிட்சு போச்சு. தகடு பித்தளைங்கிறதால முதல்ல அடிப்பக்கம் முழுக்க சூடு தாங்குற கேப்டான் டேப் ஒட்டி, ஓட்டையை மட்டும் கீறி எடுத்துட்டு சுவிட்சை மாட்டுங்க. டயோடு கால் தகட்டுல உரசினா நிரை மொத்தமும் மண்டை குழம்பும்.

போர்டை இணைக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை டயோடு மோடுல வச்சு, சிவப்பு நிரல்ல, கறுப்பு நிரையில. விசையை அமுக்கினா 0.6 வோல்ட் பக்கத்துல காட்டணும், விட்டா ஒண்ணும் காட்டக் கூடாது. 42 விசையும் ஒண்ணு விடாம பாருங்க. போர்டைப் பத்தவச்சப்புறம் தப்பு தேடுறது பெரும்பாடு.

ஈயப்பற்று (காரைக்குடி):

டேப் விஷயத்தை அண்ணன் சொன்னது சரி. பேட்டரிக்கு வருகிறேன்.

ஷியாவின் சார்ஜர் வழக்கமாக 50 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். 503040 அளவு (5 × 30 × 40 மி.மீ.) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சுமார் 600 எம்ஏஎச், போட்டால் காலியிலிருந்து நிறைய 12 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். 502030, சுமார் 250 எம்ஏஎச், ஐந்தாறு மணி நேரத்தில் நிறைந்துவிடும். விளக்கும் திரையும் இல்லாத விசைப்பலகைக்கு அதுவே வாரக்கணக்கில் வரும். இடது பாதிதான் கணினியோடும் வலது பாதியோடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும், அதனால் பலமடங்கு சீக்கிரம் இறங்குவதும் அதுவே. ஒன்றைப் பெரிதாகப் போடுவதென்றால் இடது பக்கம் போடுங்கள்.

ஆர்ஜிபி வேண்டாம் என்பது என் கருத்து. இதற்கு வழக்கமாகப் போடுகிற டபிள்யூஎஸ்2812 விளக்கு ஒவ்வொன்றும் அணைந்திருக்கும்போதே ஏறக்குறைய 1 மில்லிஆம்பியர் குடிக்கும். பாதிக்கு 21 என்றால் 250 எம்ஏஎச் பேட்டரி ஒன்றும் அடிக்காமலேயே அரை நாளில் காலி.

பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரியாகவே வாங்குங்கள். இரண்டு முனை வெள்ளைக் கனெக்டரில் எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்பதற்குப் பொது விதி கிடையாது, கடைக்குக் கடை மாறும். சிவப்பு ஒயரை நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு நொடி மாற்றிக் கொடுத்தாலும் போர்டு போய்விடும். கனெக்டரை வெட்டும்போது இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டக் கூடாது, கத்தரியே ஷார்ட் ஆக்கிவிடும்.

ஷியாவில் பேட்டரி பற்றுகிற இரண்டு புள்ளியும் போர்டின் அடிப்பக்கம், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒயரை இழுத்தால் செப்புப் புள்ளி உரிந்து வந்துவிடும். பற்றவைத்ததும் ஒயரை ஹாட் குளூ கொண்டு போர்டோடு ஒட்டிவிடுங்கள். பாசிட்டிவ் ஒயரில் ஒரு சிறு ஸ்லைடு சுவிட்சு வையுங்கள்.

பேட்டரியைச் சுவிட்சுகளுக்கு அடியில் வைக்கவே கூடாது. அழுத்த அழுத்த ஏதாவது ஒரு கால் பையைக் குத்திவிடும். அதற்கும் மரத்தில் தனிக் குழி, மேலே 1 மி.மீ. இடைவெளி. லிப்போவை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள்ளும் மூடிய காருக்குள்ளும் அந்தச் சூடு சர்வசாதாரணம்.

தேக்குச்சட்டம் (பள்ளத்தூர்):

ரொம்ப நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும். விளக்கை விட்டுடறேன், போர்டுக்கு மரத்துலயே தனிக்குழி. தமிழ்99 மட்டும் யாராச்சும் சொன்னா விசை அமைப்பை முடிவு பண்ணிடுவேன்.

யகரமெய் (கோனாபட்டு):

விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் எண்ணை. க ஆக்குவதும் ப ஆக்குவதும் கணினியில் இருக்கிற தமிழ்99 அமைப்பு. ஆகவே ஃபர்ம்வேரில் தமிழுக்கென்று எதையும் எழுத வேண்டியதில்லை. சாதாரண ஆங்கில விசைகள் எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் போதும்.

சிக்கல் வலது ஓரத்தில்தான். ஆங்கிலத்துக்கு அடைப்புக்குறி, மேற்கோள்குறி என்று ஒதுக்கிவிடுகிற விசைகளில் தமிழ்99-இல் ச, ஞ, ய உட்கார்ந்திருக்கின்றன. அரைப்புள்ளியில் ந, சாய்கோட்டில் ழ. ஐந்து நிரல் விசைப்பலகையில் ச-வும் ய-வும் வேறு அடுக்குக்கு (இன்னொரு விசையை அழுத்திக்கொண்டு அடிக்க வேண்டிய மறு அமைப்புக்கு) போய்விடும். ய இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், கை ஓடாது. நீங்கள் ஆறு நிரல் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. வலது பாதியின் மேல் நிரை ள ற ன ட ண ச. நடு நிரை க ப ம த ந ய. கீழ் நிரையில் ல, ர, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, ழ வந்த பிறகு ஓரத்தில் ஒரு விசை காலி. வழக்கமாக அங்கே ஷிஃப்ட் போடுவார்கள். நீங்கள் அதில் மூடும் சதுர அடைப்பைப் போடுங்கள், ஞ கிடைத்துவிடும். ஷிஃப்டுக்குக் கட்டைவிரல் விசை ஒன்று.

உயிரெழுத்து முழுக்க இடது பாதியில் அடங்கிவிடும். புள்ளி வைக்கிற விசை இடது சுட்டுவிரலின் கீழேயே இருக்கிறது, அதை இடம் மாற்றாதீர்கள்.

ஈயப்பற்று (காரைக்குடி):

ஃபர்ம்வேர் ஏற்றும்போது மாட்டிக்கொள்கிற சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இசட்எம்கே கோப்புகளை கிட்ஹப் தளமே தொகுத்துக் கொடுக்கும், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. போர்டின் ரீசெட் பொத்தானை டக்டக்கென்று இரண்டு தடவை அழுத்தினால் பென்டிரைவ் போல ஒன்று திறக்கும். தொகுத்து வந்த யூஎஃப்2 கோப்பை அதில் போட்டதும் டிரைவ் மறைந்துவிடும். சில சமயம் நகல் எடுக்கும்போது பிழை என்று கணினி அலறும். போர்டு தானே ரீஸ்டார்ட் ஆனதால் வருவது அது, ஒன்றும் ஆகாது.

அந்தப் பொத்தான் கடுகளவுதான் இருக்கும், மரத்துக்குள் போன பிறகு விரல் எட்டாது. மேல் அடுக்கில் இரண்டு பாதியிலும் ஆளுக்கொரு பூட்லோடர் விசை (அந்தப் பொத்தானின் வேலையைச் செய்வது) வைத்துவிடுங்கள். எந்தப் பாதியில் அழுத்துகிறீர்களோ அந்தப் பாதிதான் திறக்கும்.

மடிக்கணினியோடு ஜோடி சேர்வது இடது பாதி மட்டுமே. புளூடூத் பட்டியலில் வலதைத் தேட வேண்டாம். ஐந்து கருவி வரை நினைவில் வைக்கும், மாற்றுவதற்கு விசை ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால் இரண்டிலும் செட்டிங்ஸ் ரீசெட் கோப்பை ஏற்றி, பிறகு அதனதன் கோப்பை ஏற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் ரீசெட் செய்யுங்கள். கணினியிலும் பழைய ஜோடியை அழித்துவிட்டுத்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதை அழிக்காமல் விட்டால் இணைந்த மாதிரி காட்டும், ஒரு எழுத்தும் விழாது.

பேட்டரியை மிச்சப்படுத்துகிற ஆழ்தூக்கம் தானாக இயங்காது, கான்ஃபிக் கோப்பில் நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினால் 15 நிமிடம் சும்மா இருந்ததும் தூங்கிவிடும். எழுப்புகிற முதல் அழுத்தம் எழுத்தாக விழாமல் போகலாம், அதனால் ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள்.