இடது மார்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது, உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கோவை_இரும்பு:
பவர்லிஃப்டிங் பழகுகிறேன், மாவட்டப் போட்டி வரை போனவன். சில மாதங்களாக இடது மார்பு இளைக்கிறது, வலது அப்படியே இருக்கிறது. சாப்பாடு, தூக்கம், எடை எதிலும் மாற்றமில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது பெஞ்சில் படுத்து எடையை நெஞ்சுக்கு இறக்கி மேலே தள்ளும் பயிற்சியில், பாரை இறக்கும்போது ஒன்றும் தெரியாது, தள்ளும்போது இடது பக்கம் பின்தங்கி பார் சாய்ந்துவிடும். மாஸ்டர் “இடதுக்கு டம்பெல்லில் ஒரு செட் கூடப் போடு” என்றார், போட்டேன், இன்னும் இளைத்தது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திப் பார்த்தேன். வலது மார்பு இறுகியது, இடதில் விரலை வைத்தால் நேராக விலா எலும்பு தட்டுகிறது. மாஸ்டரும் வந்து தொட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, போய் என் பாரிலிருந்து பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அந்த நிமிடம்தான் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

கழுத்து எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கிறதாம். எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், எனக்கு வலியே இல்லை என்று சொன்ன பிறகும்.

மதுரை_பெஞ்ச்:
தம்பி, அது கிழிசலாகத்தான் இருக்கும். எனக்கு ஆனது அதுதான். கனமான செட், கடைசி ரெப், பார் நெஞ்சுக்கு வரும் முன்பே அக்குளுக்குப் பக்கத்தில் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். ஸ்பாட் நின்ற பையனுக்கே கேட்டது, அவன்தான் பாரைப் பிடித்தான். மறுநாள் முழங்கை வரை கருநீலமாக ரத்தம் கட்டியிருந்தது, அக்குளின் முன்பக்கம் மடிப்பாக இருக்குமே, அது காணாமல் போய்விட்டது. முதல் சில வாரங்களுக்குள் ஆபரேஷன் செய்தால் தசைநாரைத் திரும்ப எலும்பில் கட்டிவிடலாம், தள்ளிப்போனால் அது சுருங்கி உள்ளே போய்விடும், அப்புறம் கட்டுவது கஷ்டம். உடனே மார்புக்கு எம்ஆர்ஐ எடு, கழுத்துக்கு எடுத்து என்ன பயன்?

திருச்சி_வாசி:
மதுரை அண்ணா, அவர் சத்தம் கேட்டதாகவும் சொல்லவில்லை, ரத்தம் கட்டியதாகவும் சொல்லவில்லை. கிழிசல் ஒரே நொடியில் நடப்பது, இது மாதக்கணக்கில் இளைப்பது. இரண்டையும் குழப்பாதீர்கள், பாவம் பயந்துவிடுவார்.

எனக்கு வந்தது நரம்பில். ஒரு காய்ச்சல் வந்து போன பிறகு நடுராத்திரியில் வலது தோளில் ஒரு வலி ஆரம்பித்தது. அப்படி ஒரு வலியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படுக்க முடியாது, உட்கார முடியாது, விடியும்வரை மொட்டை மாடியில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அம்மா மாரடைப்பு என்று நினைத்து அழுகிறார். வலி கொஞ்ச நாளில் தானாகவே அடங்கியது. அடங்கின பிறகுதான் கை தூக்க வரவில்லை, தோளும் மார்பும் வற்ற ஆரம்பித்தன. நரம்பு டாக்டர் கதையைக் கேட்டதுமே பெயரைச் சொல்லிவிட்டார், பார்சனேஜ் டர்னர். 1948லேயே பார்சனேஜ், டர்னர் என்ற இரண்டு டாக்டர்கள் விவரமாக எழுதி வைத்த நோய்தானாம். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றையில் அழற்சி. காய்ச்சல், ஆபரேஷன், தடுப்பூசி, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி, இவற்றுக்குப் பின்னால் வருவது உண்டு, எதுவுமே இல்லாமலும் வரும். பெரும்பாலும் தோள்பட்டை நரம்புகளைத்தான் பிடிக்கும், எனக்கு மார்பும் சேர்ந்துகொண்டது.

கோவை, நீங்கள் கேட்க வேண்டிய சோதனை ஈஎம்ஜி. தசைக்குள் ஊசி வைத்து நரம்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பு அடிபட்டு மூன்று வாரமாவது ஆன பிறகு செய்தால்தான் சரியாகத் தெரியும், அவசரப்பட்டு முதல் வாரத்தில் செய்துவிட்டு எல்லாம் நார்மல் என்று வீட்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு மாதங்கள் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. இன்னொன்று, மேல் மார்பு, அதாவது காலர் எலும்பை ஒட்டிய பகுதி, சரியாக இருக்கிறதா? அதற்கு வேறு நரம்பு, கீழ்ப் பகுதிக்கு வேறு நரம்பு. கீழ்ப் பகுதிக்குப் போகிற நரம்பு உள்ளே இருக்கும் சின்ன மார்புத் தசையைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. எடை தூக்குபவர்களுக்கு அந்தச் சின்னத் தசை தடித்துப்போய் நரம்பை நெரிப்பது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

சேலம்_செல்வம்:
எல்லாரும் நரம்பு நரம்பு என்று பயமுறுத்தாதீர்கள் ப்ரோ. எனக்கும் மார்பு போனது, தொடையும் போனது, சட்டை தொளதொளவென்று ஆனது. ஜிம்மில் எல்லாரும் புரோட்டீன் பத்தவில்லை என்றார்கள். ராத்திரியில் தண்ணீர் தவித்துத் தவித்து எழுந்ததை மனைவிதான் கவனித்துச் சொன்னாள், பார்த்தால் சர்க்கரை. மூன்று மாத சராசரி, எச்பிஏ1சி, 6.5 தாண்டினாலே நீரிழிவு, எனக்கு அதற்கு ரொம்ப மேலே. இன்சுலின் வேலை செய்யாவிட்டால் உடம்பு தசையைத்தான் கரைத்துத் தின்னும். அதனால் முதலில் சர்க்கரை பாருங்கள், அப்புறம் தைராய்டு, அதிகமாகச் சுரந்தாலும் தசை கரையும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மாலையில் லேசான காய்ச்சலும் இருமலும் இருந்தால் சளியும் எக்ஸ்ரேயும் பாருங்கள், காசநோய் நம் ஊரில் இன்னும் போகவில்லை. யாராவது ஊசி போட்டால் திரும்ப வரும் என்று சொன்னால் கேட்காதீர்கள், ஸ்டீராய்டு போட்டு நிறுத்தினவர்களுக்கு வந்ததும் போய் சொந்த ஹார்மோனும் படுத்துவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன். முட்டை, பயறு, மீன், ஏழு மணி நேரத் தூக்கம். கிலோ எடைக்கு ஒன்றரை கிராம் புரோட்டீன் தாராளம், அதற்கு மேல் டப்பா டப்பாவாக வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

திருச்சி_வாசி:
செல்வம் அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் சர்க்கரையில் உடம்பு பொதுவாக இளைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இளைக்கும். இவருக்கு ஒரே பக்கம். அதை விட்டுவிட்டு முட்டை சாப்பிடச் சொன்னால் நாள்தான் போகும்.

வேலூர்_அக்கா:
நான் தூக்குவதில்லை, என் தம்பி தூக்கினான். எங்கள் சத்துவாச்சாரி பக்கம் சதீஷ் சிவலிங்கம் 2014லும் 2018லும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய பிறகு பையன்களுக்கு எடை தூக்குவது என்றால் உயிர், இவனும் அப்படிப் போனவன்தான். இவனுக்கும் மார்புதான் முதலில் போனது, ஒரு பக்கம் அதிகமாக, இன்னொரு பக்கம் குறைவாக. ரத்தத்தில் சிபிகே, அதாவது தசை சேதமானால் கூடுகிற நொதி, கூடியிருந்தது, எடை தூக்குபவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். அது உண்மைதான், பயிற்சி செய்தாலே கூடும், அதனால்தான் யாரும் மேலே தோண்டவில்லை.

கடைசியாகப் பார்த்த நரம்பு டாக்டர் மார்பைத் தொடவே இல்லை. எதிரில் உட்காரவைத்து “ஒரு விசில் அடி தம்பி” என்றார். வரவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே விசில் வராது, அப்பாவுக்கும் வராது, தியேட்டரில் எல்லாரும் அடிக்கும்போது அவர் கைதட்டுவார், நாங்கள் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. அப்புறம் கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், இமை முடி வெளியே தெரிந்தது. சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொன்னார், முதுகுப் பலகை இரண்டும் இறக்கைபோல் துருத்தின. முகம், தோள், மேற்கை என்று வரிசையாகத் தசை கரையும் பரம்பரை நோய், எஃப்எஸ்எச்டி. மரபணு சோதனையில் உறுதியானது. இன்றுவரை குணப்படுத்தும் மருந்து கிடையாது. தம்பி இன்னும் நடக்கிறான், வேலைக்குப் போகிறான், லேசான பயிற்சியும் செய்கிறான். அப்பாவைத்தான் தேற்ற முடியவில்லை, தன்னிடமிருந்து வந்தது என்று.

கோவை தம்பி, உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. விசில் அடித்துப் பாருங்கள், முதுகை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

நெல்லை_குமார்:
எனக்கு வலது மார்பின் கீழ்ப் பாதி கிடையாது. போனது என்றுதான் நானும் நம்பினேன். கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்த டெய்லர் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, “சின்ன வயசிலேயும் உங்களுக்கு இப்படித்தான் தைச்சேன் சார், வலது பக்கம் பிடிச்சுத் தைக்கணும்” என்றார். பிறவியிலேயே இல்லை. போலந்து சிண்ட்ரோம், 1841ல் ஆல்ஃபிரட் போலந்து என்பவர் விவரித்தது, பெரும்பாலும் ஆண்களுக்கு, வலது பக்கம்தான் அதிகம். என் வலது கை விரல்கள் கொஞ்சம் குட்டை, அதுவும் இதில் சேர்ந்ததாம். ஜிம்முக்குப் போய் இடது மார்பு வளர்ந்த பிறகுதான் வித்தியாசமே கண்ணில் பட்டது. பழைய போட்டோ எடுத்துப் பாருங்கள் கோவை, சட்டையில்லாத போட்டோ.

கோவை_இரும்பு:
எல்லாருக்கும் நன்றி. போட்டோ பார்த்தேன், இரண்டு வருடம் முந்தைய போட்டியில் இரண்டு பக்கமும் நன்றாகவே இருக்கிறது, ஆக பிறவி இல்லை. விசில் வருகிறது அக்கா, முதுகைத் தங்கையிடம் காட்டினேன், துருத்தவில்லையாம். உங்கள் அப்பாவிடம் என் வணக்கம் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு நார்மல்.

திருச்சி அண்ணா, மேல் மார்பு அப்படியே இருக்கிறது, நீங்கள் சொன்ன கீழ்ப் பகுதிதான் பள்ளம். ஈஎம்ஜி செய்தாயிற்று. அந்த நரம்பில்தான் பாதிப்பு என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஏன் என்று கேட்டால் டாக்டரே கையை விரிக்கிறார். தசையில் நரம்பு திரும்ப முளைக்கிற அறிகுறி லேசாக இருக்கிறதாம். காரணம் தெரியாமலேயே காத்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. அதுவரை பெஞ்ச் போடலாமா, கூடாதா?

திருச்சி_வாசி:
நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, முழுதாகத் திரும்பவும் இல்லை. கனமான பெஞ்சை என் டாக்டர் நிறுத்தச் சொன்னார். வேலை செய்யாத பக்கத்துக்குப் பதிலாகத் தோள் முழு பாரத்தையும் வாங்கி அதுவும் கெட்டுப்போகும் என்றார். ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று கால், முதுகுக்கான பயிற்சிகள் போட்டேன், மார்புக்கு பிசியோ கொடுத்த ரப்பர் பேண்ட் மட்டும். உங்கள் ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். மறு ஈஎம்ஜி எப்போது என்று தேதி வாங்கிவிட்டீர்களா?