சிறுநீரக நோயில் கிணற்றுத் தண்ணீரின் பங்கு எவ்வளவு?

செட்டிகுளத்தான்: எங்கள் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய்க்கு எல்லாரும் களைமருந்தைத்தான் சொல்கிறார்கள். 2015இல் இலங்கையில் கிளைபோசேட் என்ற களைமருந்தைத் தடையும் செய்தார்கள். என் வீட்டுக் கேத்தலைப் பாருங்கள். வாங்கி மூன்று மாதம், அடியில் வெள்ளைப் படை, கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்கிறது. என் ஐயா, அதாவது அப்பா, நாற்பது வருடம் குடித்தது இந்தக் கிணற்றுத் தண்ணீர். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். நோயில் முக்கால்வாசி தண்ணீரால்தான்.

வாய்க்கால்கரை: ஐயாவை நினைக்கக் கவலையாக இருக்கிறது அண்ணை. ஆனால் முக்கால்வாசி என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஒரு நோயில் ஒரு காரணத்தின் பங்கைக் கணிக்க, 1953இல் லெவின் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் காட்டிய கணக்குக்கு இரண்டு எண் வேண்டும்: எத்தனை பேர் அதற்கு ஆளாகிறார்கள், ஆளானவருக்கு நோய் எத்தனை மடங்கு. உதாரணத்துக்கு, ஊரில் நூற்றுக்கு 5 பேர் களைமருந்தடிக்கிறார்கள், அவர்களுக்கு நோய் 5 மடங்கு என்று வைப்போம். மொத்த நோயில் அதன் பங்கு சுமார் 17 வீதம். நூற்றுக்கு 50 பேர் ஒரு தண்ணீரைக் குடித்து, 3 மடங்குதான் என்றாலும் பங்கு 50 வீதம்.

செட்டிகுளத்தான்: அப்போ நான் சொன்னது சரிதானே? இங்கே எல்லாரும் கிணற்றுத் தண்ணீர்தான்.

வாய்க்கால்கரை: எல்லாரும் குடித்தால் யாரோடு ஒப்பிடுவது? ஊரில் எல்லாரும் நாளுக்கு 20 சிகரெட் புகைத்தால், நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோய் என்றே ஆய்வில் தவறாகத் தோன்றும் என்று 1985இல் ஜெப்ரி ரோஸ் என்ற பிரித்தானிய நோய்ப்பரவல் ஆய்வாளர் எழுதினார். வேறு தண்ணீர் குடிக்கும் ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதிலும், தண்ணீர் உண்மையில் காரணமாக இருந்தால்தான் அந்த வீதத்துக்குப் பொருள்.

மருதங்காடு: நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன். இருவரும் பங்கு பிரித்து 100க்குள் அடக்கப் பார்க்கிறீர்கள், அது அடங்காது. ஒருவர் தண்ணீர் குடிக்காமல் பகல் முழுக்க வெயிலில் கதிர் அறுக்கிறார். புளோரைட் கூடிய கிணறும் சேர்ந்ததால்தான் நோய் வந்தது என்று வையுங்கள். எது இல்லாவிட்டாலும் தப்பியிருப்பார். அவரை இரண்டு கணக்கிலும் எழுத வேண்டும். கூட்டினால் 100ஐத் தாண்டும், அது பிழையில்லை.

செட்டிகுளத்தான்: சரி, முக்கால்வாசி என்றதை விடுகிறேன். ஆனால் வீதம் தெரியும்வரை நல்ல தண்ணீர் கேட்காமல் இருக்க மாட்டேன்.

வாய்க்கால்கரை: இருக்கச் சொல்லவில்லை அண்ணை. கேளுங்கள். எந்த வீடு எந்தத் திகதியிலிருந்து ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீர் எடுக்கிறது, எந்த வீடு இன்னும் கிணற்றில் குடிக்கிறது என்று மட்டும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். பிறகு கேட்டால் ஒருவருக்கும் திகதி ஞாபகம் இருக்காது.