கலைச்சொல்: ‘தன்தாக்கு மூளையழற்சி’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

உடம்பின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூளையைத் தாக்கும் நோய்க்கு (autoimmune encephalitis) நீங்கள் முன்வைத்த ‘தன்னெதிர்ப்பு மூளைக்காய்ச்சல்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது.

மூளைக்காய்ச்சல் என்றாலே தருமபுரிப் பக்கம் கொசுவும் கிருமியும்தான். “ஒட்டிக்குமா?” என்பதுதான் முதல் கேள்வி. 2007இல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழுவினர் விவரித்த வகையைப் பாருங்கள்; மூளை நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தை உடம்பின் எதிர்ப்பொருளே (antibody) தாக்கும் வகை அது. நன்றாக இருந்த இளம்பெண்ணுக்குத் தூக்கம் கெடும். பயமும் சந்தேகமுமாகப் பேசுவாள். அப்புறம் வலிப்பு வரும், வாய் தானாக மெல்லும், பேச்சே நின்றுபோகும். மனநோய் என்று மாத்திரை கொடுப்பார்கள். வீட்டார் காத்து கருப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் எதிர்ப்பொருளைத் தேடினால்தான் பிடிபடும். சூலகத்தில் கட்டி உண்டா என்றும் பார்க்க வேண்டும். இத்தனை திண்டாட்டத்துக்கு நடுவே பெயரும் வழி தவறவைக்கக் கூடாது.

அடுத்தது ‘எதிர்ப்பு’. பாலக்கோட்டுப் பக்கத்துத் தாய் ஒருவரிடம் வார்டில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பு என்ற சொல் காதில் விழுந்ததும், “சத்து கம்மியா இருக்குதுங்களா? கபசுரக் குடிநீர் குடுக்கலாமா?” என்றார். உண்மை நேர்மாறு. காவல் அளவு மீறித் தன் உடம்பையே அடிக்கிறது. அதனால்தான் அதை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கிறோம். ஆகவே ‘தன்தாக்கு மூளையழற்சி’ என்பது என் பரிந்துரை.

தருமபுரி

*

அம்மா,

‘தாக்கு’ எனக்குச் சம்மதம். ஆனால் தற்காப்பு போலத் ‘தற்றாக்கு’ என்று வர வேண்டாமா? இன்னொன்று, மூளையோடு நிறுத்தினால் போதாது. உடம்பு தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய் ஒன்றிலேயே நரம்பு, மனம் சார்ந்த 19 வகைப் பாதிப்புகளை அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 1999இல் வரையறுத்தது. தலைவலி, பக்கவாதம், தண்டுவட அழற்சி எல்லாம் அதில் அடக்கம். நோயே காரணமா, ஸ்டீராய்டின் விளைவா, நடுவில் புகுந்த காசநோயா என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. நம் இரண்டு மாவட்டத்திலும் புளோரைடு வேறு. கால் மரத்து நடை தளர்ந்தால் “தண்ணிக் கோளாறு” என்று விட்டுவிடுவார்கள். புளோரைடால் எலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெரிப்பதும் உண்மைதான். அதனாலேயே அழற்சி நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

கிருஷ்ணகிரி

*

ஐயா,

தண்டுவடத்தை நான் யோசிக்கவில்லை, நன்றி. பொதுப்பெயராகத் ‘தன்தாக்கு நரம்புநோய்’, அதன் கீழ் ‘தன்தாக்கு மூளையழற்சி’, ‘தன்தாக்குத் தண்டுவட அழற்சி’ என்று வைக்கலாம். ‘தன்’ என்பதன் ஈறு வல்லினத்தோடு உறழும் என்று நன்னூலே இடம் தருகிறது. தன்பகை, தற்பகை இரண்டும் சரி. ‘தற்றாக்கு’ என்று எழுதினால் நோயாளி வீட்டார் தடுக்கி நிற்பார்கள். ‘விலக்கிக் கண்டறிதல்’ என்பதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன், அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.