போதிய சத்தத்துக்குக் கொண்டுவரச் சிரமமான ஹெட்போன்களுக்கு எந்த ஆம்ப் (ஹெட்போனுக்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபையர்) தாங்கியது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹெட்போனின் ஓம் (இம்பீடன்ஸ் எனும் மின்தடையின் அளவு) கூடக் கூட ஆம்பும் பெரிதாக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். நான் கண்டது வேறு. என்னிடம் பேயர்டைனமிக் டிடி 880 இருக்கிறது, 600 ஓம் மாடல். நண்பர் ஒருவர் கேட்டுப் பார்க்கச் சொல்லி ஹைஃபைமேன் ஹெச்இ-6 கொடுத்தார். அது வெறும் 50 ஓம். இரண்டையும் ஒரே சின்ன ஆம்பில், ஒரே பாட்டுக்குப் போட்டேன். டிடி 880-ல் பேஸ் கட்டுக்கோப்பாக இருந்தது, சத்தமும் தாராளம். ஹெச்இ-6-ஐ மாட்டி, குமிழைச் சற்றே கூட்டி அதே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். டிரம்மில் அடி விழும் அந்த நொடியில் மட்டும் கரகரவென்று உடைந்தது. அடி ஓய்ந்ததும் குரல் பழையபடி சுத்தம்.

கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். டிடி 880 ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் தரும். ஹெச்இ-6 தருவது 83.5 மட்டுமே. உச்சத்தில் 110 டெசிபெல் வேண்டுமென்றால் முன்னதற்கு 25 மில்லிவாட் போதும், பின்னதற்குக் கிட்டத்தட்ட 450 வேண்டும். வோல்டேஜில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை: அங்கே 3.9 வோல்ட், இங்கே 4.7. குமிழ் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது அதனால்தான். ஆனால் கரண்ட்? டிடி 880-க்கு ஆறரை மில்லிஆம்பியர், ஹெச்இ-6-க்கு 94. என் ஆம்ப் மூச்சுத் திணறியது அங்கேதான். ஆம்ப் வாங்கும்போது ஓமை மட்டும் பார்க்காதீர்கள். சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் என்பதை, சேர்த்துப் பார்த்து, வோல்டேஜ் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கெடுங்கள்.

*

அண்ணா, நான் அனுபவித்ததும் இதே முடிவுதான், காரணம் மட்டும் வேறு. என்னுடையது ஓடிஎல் வகை (வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத) ட்யூப் ஆம்ப், அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் சொந்தத் தடை, 120 ஓம். சென்ஹைசர் ஹெச்டி 650-க்கு அருமையாகப் பொருந்தும். அதன் இம்பீடன்ஸ் எழுத்தில் 300 ஓம் என்றாலும் கீழ் பேஸில் 500 வரை ஏறுகிறது. அங்கே ஆம்பின் தடையில் வீணாகும் வோல்டேஜ் குறைவதால் ஒரு டெசிபெல் அளவுக்குப் பேஸ் தூக்கலாக வரும். எனக்கு அது பிடித்த சுவை, ஆனால் அதை ஆம்பின் 'பலம்' என்று சொல்லமாட்டேன். அதே ஆம்பில் 50 ஓம் பிளானர் (ஹெச்இ-6 போலத் தட்டையான மெல்லிய தகட்டால் ஒலி எழுப்பும் வகை) ஒன்றை மாட்டினால் வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆம்புக்குள்ளேயே போய்விடுகிறது. பிளானருக்கு இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் டோன் மாறவில்லை. சத்தம்தான் எழும்பவில்லை, குமிழைத் திருப்பத் திருப்ப உடைசலே மிஞ்சியது.

*

ஹெச்டி 650 வைத்திருக்கும் எல்லோருக்கும் தனி ஆம்ப் வேண்டுமா என்பதே எனக்குக் கேள்வி. ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபெல் தரும் ஹெட்போன் அது. முழு ஒரு வோல்ட் கொடுக்கும் டாங்கிளில் (போனில் செருகும் சின்ன ஹெட்போன் அடாப்டர்) மாட்டிக் கேட்கிறேன். இன்றைய பாப் பாடல்களுக்கு வால்யூமை முக்கால் வரைகூட ஏற்றுவதில்லை. ஆனால் மெதுவாகப் பதிவு செய்த ஆர்கெஸ்ட்ரா இசையில் கடைசிப் புள்ளி வரை போயும் இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றியது உண்மை. அந்த ஒரு தேவைக்காக ஆம்ப் வாங்கினேன். வாங்கியதும் 'மேடை விரிந்துவிட்டது', அதாவது இசை அகலமாகப் பரவி ஒலிக்கிறது, என்று முதல் நாளே பட்டது. பிறகு மல்டிமீட்டர் வைத்து இரண்டிலும் வோல்டேஜைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று பார்க்காமல் மாற்றிக் கேட்டேன். பாப் பாடல்களில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு டெசிபெல் கூடினாலே நம் காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும் நண்பர்களே. சமப்படுத்தாத ஒப்பீட்டை நான் நம்புவதே இல்லை.

*

மேலே சொன்னது ரொம்பச் சரி. ஹெச்இ-6 விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. அதைச் சிலர் ஸ்பீக்கர் ஆம்பிலேயே இணைத்துக் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். உடைசல் அடியோடு போய்விட்டது, டிரம் அடி முழு எடையோடு வந்தது. ஒரு எச்சரிக்கை: பிரிட்ஜ் முறையில் (இரண்டு முனையிலும் சிக்னல் வரும்படி) ஓடும் ஆம்ப்களில் கறுப்பு முனை கிரவுண்ட் கிடையாது. இடது வலது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி உள்ள கேபிளை அதில் மாட்டினால் ஆம்ப் புகைந்துவிடலாம். நாலு கம்பியும் தனித்தனியாக வரும் கேபிள் இருந்தால் மட்டும் முயலுங்கள். குமிழைச் சுழியத்தில் வைத்துவிட்டே பவர் போடுங்கள்.

*

திரி தொடங்கியவன் மீண்டும். ஆம்ப் பெட்டியில் '32 ஓமில் 2 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பார்ப்போம். அது 8 வோல்ட், 250 மில்லிஆம்பியர். அந்த 8 வோல்ட்தான் உச்சம் என்றால் 300 ஓமில் 213 மில்லிவாட்தான் கிடைக்கும், 600 ஓமில் 107. டிடி 880-க்கு அதுவே ஏராளம். ஹெச்இ-6-க்கும் 110 டெசிபெல் உச்சத்துக்குப் போதும், அதற்கு மேல் 5 டெசிபெல் கேட்டால் 8.4 வோல்ட் வேண்டியிருக்கும், இந்த ஆம்ப் நூலிழையில் தோற்கும். அவ்வளவு சத்தத்தில் தினமும் கேட்காதீர்கள். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி என்பதுதான் காதுக்கான கணக்கு. நான் சொல்லும் 110 என்பது கண நேர உச்சத்துக்கான இடம் மட்டுமே. இதே ஆம்பில் இயர்போன் மாட்டுபவர்கள் லோ கெயினுக்கு (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவைக் குறைக்கும் சுவிட்ச் நிலை) மாற்றிக்கொள்ளுங்கள். ஹை கெயினில் விட்டால் பாட்டு இல்லாதபோதும் உஸ் என்ற இரைச்சல் கேட்கும், குமிழைத் தொட்டதுமே சத்தம் எகிறும்.